ஓட்றதுக்கா, மாட்றதுக்கா?

உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் பழைய சைக்கிள் ஏதாவது கிடக்கிறதா? கிடந்தால், பழைய இரும்புக்காரர் தெருவில் குரல் கொடுப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள். எடைக்குப் போட்டால் கிடைப்பது சில நூறு ரூபாய். ஆனால் அந்த இரும்புக்குள் நூற்றைம்பது வருடச் சரித்திரம் இருக்கிறது. துப்பாக்கி, தையல் ஊசி, ஆகாய விமானம் எல்லாம் அந்தக் கதையில் வரும். நம் அம்பத்தூரும் திருவொற்றியூரும்கூட வரும்.

நான் பார்த்த சைக்கிள் காட்டுப்பள்ளிக்காரர் வீட்டுப் பின்புறத்தில் கிடந்தது. காட்டுப்பள்ளி என்றால் இன்று பலருக்குத் துறைமுகம்தான் ஞாபகம் வரும். எண்ணூருக்கு வடக்கே, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்ஹாம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகமும். நடுவில் நீளமாக ஒரு மணல் திட்டு. அதன் மேலேயே வடக்கே போனால் பழவேற்காடு. அந்த மணலில் ஒரு மீனவர் குப்பம் இருந்தது. கப்பல் கட்டும் தளம் வந்தபோது குப்பத்தை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். 2013-ல் துறைமுகம் ஓடத் தொடங்கியது. 2018-ல் அது அதானி குழுமத்தின் கைக்குப் போனது. சுற்றிலும் அனல் மின் நிலையம், எண்ணூர் துறைமுகம், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம். பகலும் இரவும் கன்டெய்னர் லாரிகள்.

குப்பம் இடம் மாறியபோது சட்டி பானைகளோடு ஒரு சைக்கிளும் இடம் மாறியது. சைக்கிளுக்குச் சொந்தக்கார அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். மீன் வியாபாரம்.

“எங்க அப்பாவோடது சார். எடைக்குப் போட மனசு வரல. பையன் என்னடான்னா, கழுவி பெயின்ட் அடிச்சு செவுத்துல மாட்டலாம்ங்கிறான். இப்ப அதான் ஃபேஷனாமே?”

“குடுங்கம்மா, நானே சரி பண்ணிப் பாக்கறேன்” என்று சொல்லிவிட்டேன். அதுவரை நான் சைக்கிளுக்குச் செய்த அதிகபட்ச வைத்தியம் காற்றடித்தது மட்டும்தான்.

இப்படி முன்பின் தெரியாமல் இறங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். வெளிநாடுகளில் பழைய ஸ்டீல் ரேஸ் சைக்கிளைத் தேடிப்பிடித்து, ஒவ்வொரு நட்டாகக் கழற்றி, மறுபடி பூட்டி ஓட்டுவது பெரிய மோகம். அவர்கள் முதலில் தேடுவது ஃபிரேமில் ஒட்டிய ‘ரெனால்ட்ஸ் 531’ என்ற ஸ்டிக்கரை. 1935-ல் பர்மிங்ஹாமில் வந்த குழாய் அது. மாங்கனீஸும் மாலிப்டினமும் கலந்த உக்கு. குழாயின் சுவர் இரண்டு முனையிலும் தடிப்பு, நடுவில் மெலிசு. பற்றவைக்கிற சூடும் பாரமும் தாக்கும் இடம் முனைதானே? அங்கே பலம் இருந்தால் போதும், நடுவில் எடையைக் குறைத்துக்கொள்ளலாம் என்கிற கணக்கு.

என்னிடம் வந்தது அந்த ஜாதி இல்லை. இருபது கிலோவுக்குக் குறையாத, மீன்கூடை சுமந்த, கம்பி பிரேக் வைத்த சாதா சைக்கிள். முன்னால் ரிவெட் அடித்த தகட்டைத் துடைத்தால் ‘ஹெர்குலிஸ்’ என்று தெரிந்தது. ஆனால் இதுவும் அந்த 531-ம் ஒருவகையில் சொந்தக்காரர்கள். ரெனால்ட்ஸ் கம்பெனியும் சரி, ஹெர்குலிஸ் கம்பெனியும் சரி, இரண்டுமே பர்மிங்ஹாமின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்துக்குள் போய்ச் சேர்ந்தவை. சுருக்கமாக டி.ஐ.

அந்த டி.ஐ.-தான் அம்பத்தூருக்கு வந்தது.

1910-ல் எட்மண்ட் கிரேன் என்பவர் பர்மிங்ஹாமில் ஹெர்குலிஸைத் தொடங்கினார். சாமானியன் வாங்குகிற விலைக்கு சைக்கிள் செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. 1946-ல் டி.ஐ. அதை வாங்கியது. மறு வருடமே இந்தியாவுக்குச் சுதந்திரம். அதுவரை கப்பலில் வந்து இறங்கிய சீமை சைக்கிளை இனிமேல் இங்கேயே செய்ய வேண்டும் என்றது புது தேசம். சீமைக் கம்பெனிகள் இந்தியக் கூட்டாளிகளைத் தேடின. பர்மாவில் வட்டித் தொழில் செய்து, உலகப் போருக்கு முன்பே கவனத்தைத் தாய்நாட்டுத் தொழில்களின் பக்கம் திருப்பியிருந்த முருகப்பா குடும்பத்தோடு டி.ஐ. கைகோத்தது. 1949-ல் கம்பெனி. 1951-ல் அம்பத்தூரிலிருந்து முதல் ஹெர்குலிஸ்.

சைக்கிளை இங்கே பூட்டினால் போதுமா? குழாய் வேண்டாமா, செயின் வேண்டாமா? 1955-ல் ஆவடியில் குழாய்த் தொழிற்சாலை. 1960-ல் அமெரிக்க டயமண்ட் கம்பெனியோடு சேர்ந்து செயின் தொழிற்சாலை. வடசென்னைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, அவர்களுக்கும் பங்குண்டு. அதே குடும்பம் 1954-ல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் இருந்தது திருவொற்றியூரில். சாணைக்கல், எமரி ஷீட் வகையறாக்கள் செய்கிற கம்பெனி. நாம் உப்புத்தாள் என்கிறோமே, அந்த வம்சம்.

உப்புக் காற்று தின்ற சைக்கிளை உப்புத்தாள் போட்டுத்தான் தேய்க்க வேண்டியிருக்கிறது!

*

சைக்கிளின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். சில சீமை சைக்கிள்களில் இது சுலபம். பின்சக்கரத்து நடுவில் ஸ்டர்மி ஆர்ச்சர் கியர் இருந்தால் அதன் மேலேயே மாதமும் வருடமும் பொறித்திருக்கும். நம்மூர் சைக்கிளில் கியருக்கு எங்கே போவது?

எனக்கு உதவியது ஒரு தகர வில்லை. மண்ணெண்ணெயில் ஊறிய துணியால் ஹேண்டில்பாருக்குக் கீழே துடைத்துக்கொண்டே வந்தபோது, கம்பி வைத்துக் கட்டிய ஒரு குட்டித் தகடு கையில் தட்டுப்பட்டது. ஊர்ப் பெயர் அரித்துப் போயிருந்தது. 1968-69 என்பது மட்டும் தடவினால் தெரிந்தது.

சைக்கிள் வரி! இன்றைக்குச் சொன்னால் சின்னப் பிள்ளைகள் சிரிப்பார்கள். நகராட்சியும் பஞ்சாயத்தும் சைக்கிளுக்கு வருடா வருடம் வரி வாங்கிய காலம் இருந்தது. கட்டினால் வில்லை கொடுப்பார்கள். வில்லை இல்லாத சைக்கிளை வழியில் மடக்குவார்கள். ராத்திரி விளக்கில்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும். ‘டபுள்ஸ்’ போனாலும் பிடிக்கும். சைக்கிள் வைத்திருப்பவர் ஊரில் ஒரு ஆள் என்று அர்த்தம்.

அந்த அம்மாவிடம் வில்லையைக் காட்டினேன்.

“அப்பா மீஞ்சூருக்கு மீன் கொண்டு போவாரு சார். தண்ணி வந்தா சைக்கிளையும் படகுல ஏத்திக்குவாரு. டவுனுக்குள்ள போனா இத கேப்பாங்களாம்” என்றார்.

*

சரி, ஸ்பானரை எடுப்போம்.

நான் செய்த உருப்படியான காரியம் ஒன்றுதான். கழற்றுவதற்கு முன்னால் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வைத்தேன். கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டேன். வீட்டில் சாம்பார் ஊற்றக் கிண்ணம் இல்லாமல் போனது வேறு விஷயம்.

முதல் சண்டை பெடலோடு. வலது பெடல் வந்துவிட்டது. இடது பெடல் அசையவில்லை. பலம் கொண்ட மட்டும் திருகினேன். இன்னும் இறுகியது. காரணம் பிற்பாடுதான் புரிந்தது. இடது பெடலுக்கு இடது மரை. எல்லாத் திருகாணியும் எந்தப் பக்கம் திருப்பினால் கழலுமோ, இது அந்தப் பக்கம் திருப்பினால் இறுகும். ஏன் இந்தக் கிறுக்குத்தனம்? இரண்டு பெடலுக்கும் ஒரே மரையாக இருந்தால், மிதிக்க மிதிக்க ஒன்று தானாகக் கழன்று விழும். 1900-ல் அமெரிக்காவில் சைக்கிள் கடை வைத்திருந்த இரண்டு சகோதரர்கள், ‘எங்கள் சைக்கிளில் பெடல் கழலவே கழலாது’ என்று இந்த எதிர்மரையைக் காட்டி வியாபாரம் செய்தார்கள். அந்தக் கடை லாபத்தில்தான் மூன்று வருடம் கழித்து ஆகாய விமானம் விட்டார்கள். ரைட் சகோதரர்கள்.

இரண்டாவது சண்டை பெரியது. கிராங்க்கை அச்சோடு பிடித்து வைத்திருக்கும் காட்டர் பின். ஒரு பக்கம் சரிவாகச் சீவிய சின்ன இரும்பு ஆப்பு. ஐம்பது வருடத் துருவில் அது கிராங்க்கோடு ஒன்றாகிவிட்டிருந்தது. சுத்தியால் அடித்தேன். ஆப்பின் தலை காளான் மாதிரி விரிந்ததே ஒழிய வெளியே வரவில்லை.

அப்போதுதான் வெட்கத்தை விட்டு, திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு சைக்கிள் கடைக்கு வண்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். புளிய மரத்தடி, டயர் மாலை, பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி. வாடகை சைக்கிள் மணிக்கணக்கில் போன காலத்திலிருந்து கடை வைத்திருக்கும் பெரியவர். சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா சார், ஓட்றதுக்கா, மாட்றதுக்கா?”

புரியாமல் விழித்தேன்.

“மாட்றதுன்னா ஒரு நாள் வேலை. தேச்சு பெயின்ட் அட்ச்சிட்டாப் போதும். உள்ள குண்டு இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா? ஓட்றதுன்னா ஒரு வாரம். ஓவராயில் பண்ணணும்.”

‘ஓவராயில்’ என்ற தமிழ் வார்த்தையைக் கவனியுங்கள். இங்கிலீஷில் ஓவர்ஹால். நம் கடைக்காரர்களுக்கு அது ஆயில் போடுகிற சமாசாரமாகவே படுகிறது. அர்த்தமும் கெட்டுப் போகவில்லை.

“ஓட்றதுக்குத்தான் அண்ணே” என்றேன். அந்த நிமிஷம் எடுத்த முடிவுதான். பையனிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கவில்லை.

பெரியவர் ஆப்புக்கு அடியில் ஒரு கனமான இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்தார். நட்டை முழுதாகக் கழற்றாமல், ஆப்பின் நுனியும் நட்டின் முகமும் சமமாக நிற்கும்வரை தளர்த்தினார். டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி, டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து ஒரே அடி. ‘டக்’.

“நீ ஐம்பது அடி அட்ச்சிருப்ப. அடிக்கு முட்டு வேணும் சார். இல்லாட்டி உன் பலமெல்லாம் குண்டுக்குத்தான் போவும்.”

*

கிராங்க்கைப் பிரித்தபோதுதான் விஷயமே தெரிந்தது. பல்சக்கரத்தின் நடுவில் மூன்று எழுத்து வெட்டியிருந்தது. பி.எஸ்.ஏ.! ஹெர்குலிஸ் உடம்பில் பி.எஸ்.ஏ. சக்கரம். எந்தக் காலத்திலோ பல் தேய்ந்து, கையில் கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள்.

எனக்கு ஏமாற்றம். பழைய சைக்கிள் ரசிகர்களுக்கு இது குறை. எல்லாப் பாகமும் பிறந்தபோது இருந்ததாகவே இருக்க வேண்டும் என்பார்கள். பெரியவரோ, “நல்லா உக்காந்துகினுகீது பாரு!” என்று ரசித்தார்.

அவர் ரசித்ததில்தான் சரித்திரம் இருக்கிறது. ஒரு கம்பெனி உடம்பில் இன்னொரு கம்பெனி உறுப்பு எப்படி ஒட்டிக்கொண்டது?

பி.எஸ்.ஏ. என்பதன் விரிவு பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ். கைத்துப்பாக்கி சின்னத்துப்பாக்கிச் சமாசாரம். அதன் முத்திரையே ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று துப்பாக்கிகள். 1861-ல் தொடங்கியது. அதற்கு முன் துப்பாக்கி என்பது ஆசாரி வேலை. ஒவ்வொரு துப்பாக்கியும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றின் ஆணி இன்னொன்றுக்குச் சேராது. யுத்தகளத்தில் அது செல்லுபடியாகுமா? உடைந்த துப்பாக்கியின் நல்ல பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்ட வேண்டும். அதற்கு எல்லாப் பாகமும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில் இருக்க வேண்டும். அதற்குத் தகுந்த யந்திரங்களை வைத்துத்தான் பி.எஸ்.ஏ. வந்தது.

யுத்தம் இல்லாவிட்டால்? ஆர்டர் வற்றி, கம்பெனி படுத்தது. 1880-ல் சைக்கிள் பக்கம் திரும்பினார்கள். அதே யந்திரம், அதே துல்லியம். பிற்பாடு மற்ற கம்பெனிகளுக்கும் பாகங்கள் செய்து விற்றார்கள். பி.எஸ்.ஏ. அளவு என்பதே பொது அளவாகிப்போனது. இன்றைக்கு லட்ச ரூபாய்க்கு விற்கும் சைக்கிளில்கூட, கிராங்க் அச்சு உட்காரும் குழியின் மரைக்கு ஒரு பெயர் ‘பி.எஸ்.ஏ.’ விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. நூறு வருடத்துக்கு மேலாக மாறாத அளவு. ராலே மட்டும் ‘எனக்குத் தனி வழி’ என்று 26 மரை வைத்தது. பழைய ராலேயைப் பிரிக்கிற புதுக் கைகள் அழுவது இந்த இடத்தில்தான்.

மரை மாறினால் எல்லாம் போச்சு. ஒருவருக்கு மரை கழன்றுவிட்டது என்று சும்மாவா சொல்கிறோம்?

துப்பாக்கியிலிருந்து சைக்கிளுக்கு வந்தது பி.எஸ்.ஏ. மட்டும் இல்லை. இங்கிலாந்தில் ரெடிச் என்று ஓர் ஊர். ஊசிக்குப் பேர்போனது. அங்கே ஓர் ஊசித் தொழிற்சாலை சைக்கிள் செய்யப் போனது. என்ஃபீல்டில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்து கொடுத்த பெருமையில், தன் சைக்கிளுக்கு ராயல் என்ஃபீல்ட் என்று பெயர் வைத்துக்கொண்டது. ‘துப்பாக்கி மாதிரி செய்தது’ என்று விளம்பரம் செய்தது. முத்திரை பீரங்கி. பிறகு மோட்டார் சைக்கிள். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து அது வந்து இறங்கிய ஊர் எது தெரியுமா? திருவொற்றியூர். இங்கிலாந்தில் 1970-ல் ராயல் என்ஃபீல்ட் மூச்சு நின்றது. திருவொற்றியூரில் புல்லட் சத்தம் நிற்கவில்லை.

சைக்கிளிலும் இதே கதைதான். 1957-ல் பி.எஸ்.ஏ. தன் சைக்கிள் பிரிவை ராலேயிடம் விற்றது. 1960-ல் ராலே, டி.ஐ.யோடு சேர்ந்தது. 1964-ல் அம்பத்தூர் பி.எஸ்.ஏ. வந்தது. ராலேயின் நாட்டிங்ஹாம் தொழிற்சாலையில் 2002-ல் கடைசி சைக்கிள் பூட்டினார்கள். பர்மிங்ஹாமில் சண்டைக்காரப் பங்காளிகளாக இருந்த ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் அம்பத்தூரில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆனார்கள்.

யுத்தத்துக்காகக் கண்டுபிடித்த ஒரே அளவு என்கிற யோசனை, ஒரு மீன்காரரின் தேய்ந்துபோன பல்சக்கரத்துக்குப் பயன்பட்டிருக்கிறது. துப்பாக்கிக்காரர்களை மன்னிக்க ஒரு காரணம் கிடைத்தது எனக்கு.

*

அடுத்தது துரு.

இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் ஈரமும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் பிடிக்கும். துருப்பிடிப்பது என்பதே ஒரு குட்டி பேட்டரி வேலை. இரும்பின் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மின்சாரம் ஓடி இரும்பைக் கரைக்கிறது. உப்புத் தண்ணீர் அந்த மின்சாரத்துக்கு நல்ல ரோடு போட்டுக் கொடுக்கிறது. போதாததற்கு, படிந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழிமுகம், வழியெல்லாம் அத்திப்பட்டு உப்பளம். காட்டுப்பள்ளி சைக்கிள் தப்பித்ததே பெரிய விஷயம்.

எப்படித் தப்பித்தது? பெரியவர் சீட்டுக் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். கருப்பாக, பிசுபிசுப்பாக ஏதோ. “எண்ணெய் ஊத்தி வெச்சிருக்கான் மனுசன்” என்றார். மேலே தெரிகிற துரு ஆபத்தில்லை. குழாய்க்குள்ளேயிருந்து தின்கிற துருதான் ஃபிரேமைக் கொல்லும். அதனால்தான் பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் ஒரு காசை எடுத்துக் குழாய் நெடுகத் தட்டிப் பார்க்கிறார்கள். ‘ணங்’ என்றால் வாங்கலாம். ‘டொப்’ என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டும். இது ‘ணங்’.

ஹேண்டில்பாரின் முலாம் மேல் இருந்த துருவுக்கு உப்புத்தாளே கூடாது. முலாம் போய்விடும். சமையலறையில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். சின்ன நட்டு, போல்ட்டெல்லாம் ஒரு ராத்திரி புளித்தண்ணீரில் ஊறின. குத்துவிளக்குக்கு ஆவது இரும்புக்கும் ஆகிறது. ஆனால் ஊறியதும் நன்றாகக் கழுவி, துடைத்து, உடனே எண்ணெய் தடவ வேண்டும். மறந்தால் மறுநாள் காலையில் பழையபடி சிவப்பு.

கிராங்க் அச்சுக்கு இரண்டு பக்கமும் பதினோரு பதினோரு குண்டு. கால் அங்குலம். கிரீஸில் ஒட்டவைத்து ஒவ்வொன்றாக அடுக்கினேன். பன்னிரண்டாவதுக்கு இடம் இருக்கிற மாதிரி தெரியும். போட்டால் இறுகிக்கொள்ளும். சக்கரங்களுக்கு முன்னால் 32 ஸ்போக், பின்னால் 40. ஆளின் பாரம் விழுவது பின்னால்தானே? கோட்டம் எடுக்க உட்கார்ந்தேன். நிப்பிளை ஒரு முழுச் சுற்றுத் திருப்பியதும் சக்கரம் அப்பளமாக நெளிந்தது. பெரியவர் என்னை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். கால் சுற்று, சக்கரத்தைச் சுழற்று, பார், மறுபடி கால் சுற்று. ஒரு இடத்தில் இறுக்கினால் எதிர்ப்பக்க ஸ்போக்கைத் தளர்த்த வேண்டும். முக்கால் மணி நேரம். பேச்சே இல்லை.

இதைப் பற்றி எந்தத் தொழிற்சாலைச் சரித்திரமும் பேசாது. அம்பத்தூர் சைக்கிளைப் பெற்றது. வளர்த்தது இவர்கள்தான். தெருவுக்கு ஒரு கடை, கடைக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குள் எல்லா சைக்கிளுக்கும் சேர்கிற பாகங்கள். அந்தக் கடைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. 2020-ல் உலக சைக்கிள் தினமான ஜூன் 3-ஆம் தேதியன்று, அட்லஸ் கம்பெனியின் சாகிபாபாத் தொழிற்சாலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டதாக அறிவிப்பு ஒட்டியது பத்திரிகைகளில் வந்தது. ஒரு தொழிற்சாலை மூடினால் செய்தி. ஒரு மரத்தடிக் கடை மூடினால் யாருக்கும் தெரியாது. பெரியவரின் மகன் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

*

கடைசியாக சீட்டுக் கம்பி. துடைத்ததும் அதில் இரண்டு கோடுகள் தெரிந்தன. ஒன்று மேலே, ஒன்று நான்கு விரற்கடை கீழே. ரொம்ப நாள் ஒரே உயரத்தில் நின்றால் குழாய் வாய் பட்ட இடத்தில் துரு வளையம் விழும். இரண்டு வளையம் என்றால் இரண்டு பேர்.

“யாரோ குட்டையா ஒரு ஆளு ஓட்டிருக்கான்” என்றார் பெரியவர்.

அந்த அம்மாவிடம் கேட்டேன். சிரித்தார்.

“நான்தான் சார். அப்பாவுக்கு முட்டி போச்சு. அப்ப எனக்குப் பதினாலு பதினஞ்சு இருக்கும். அண்ணன் கடலுக்குப் போயிடும். மீன யாரு கொண்டு போறது? மணல்ல குரங்கு பெடல் போட்டுக் கத்துக்கினேன். ஊரே சிரிச்சிச்சு. அப்பா மட்டும் சீட்டை எறக்கிக் குடுத்தாரு.”

கணக்குப் போட்டால் 1990-ஐ ஒட்டிய வருடம். அதே காலத்தில் தெற்கே புதுக்கோட்டையில் ஒரு புரட்சி நடந்தது. அறிவொளி இயக்கத்தின் பகுதியாக, அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முன்கை எடுக்க, கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லையா, ஜென்ட்ஸ் சைக்கிள் போதும் என்று ஏறினார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் அதைப் பற்றி எழுத, பாடப்புத்தகம் வரை போனது. பிற்பாடு 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, அப்புறம் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது.

காட்டுப்பள்ளி மணலில் கலெக்டரும் இல்லை, இயக்கமும் இல்லை. முட்டி வலித்த ஓர் அப்பா மட்டும் ஸ்பானரை எடுத்து சீட்டை நான்கு விரற்கடை இறக்கினார்.

நான் ஒரு டப்பா கருப்பு பெயின்ட் வாங்கி வைத்திருந்தேன். அதைத் திறக்கவே இல்லை. பழைய பெயின்ட் பிடித்திருந்த இடத்தை அப்படியே விட்டு, வெறும் இரும்பு தெரிந்த இடத்தில் மட்டும் பெரியவர் ஒட்டுப் போட்டார். வில்லையை அதே கம்பியில் கட்டினேன். பி.எஸ்.ஏ. பல்சக்கரத்தை மாற்றவில்லை. 28 இஞ்ச் டயர் இரண்டு மட்டும் புதுசு. அது இன்னமும் கடைகளில் கிடைக்கிறது.

பையனுக்கு முகம் வாடியது. செல்போனில் காட்டிய படத்தில் இருந்த பளபளப்பு இதில் இல்லை. “செவுத்துல மாட்டினா நல்லாருக்காது சார்” என்றான்.

“மாட்ட வேணாம்டா” என்றார் அம்மா.

ஸ்பானரோடு சீட்டுக்கு முன்னால் குனிந்தேன். குப்பம் இருந்த மணலுக்கு இனி இந்த சைக்கிளில் போக முடியாது. மதில் இருக்கிறது, கேட் இருக்கிறது. ரோட்டில் கன்டெய்னர் லாரி ஒன்று போய் முடிந்து, புழுதி அடங்கட்டும் என்று காத்திருந்தோம்.

“எந்தக் கோட்டுல வைக்கட்டும்மா? மேலயா, கீழயா?”

அந்த அம்மா கொஞ்ச நேரம் சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா கோட்டுலயே வை சார். இப்ப எனக்குக் கால் எட்டும்.”